தம்பி கார் கேரியரில் சேரப் போகிறான், மின்சாரக் கார் தீயை நினைத்துப் பயப்படணுமா?

நிலாமுற்றம் கேட்டது:

தம்பிக்கு 20 வயது. டெக் கேடட்டாக (பயிற்சி அதிகாரி) முதல் கப்பல் கிடைத்திருக்கிறது. கன்டெய்னர் கப்பலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வந்தது கார்களை ஏற்றிச்செல்லும் கார் கேரியர். ஜன்னலே இல்லாத ஷூ பெட்டி மாதிரி இருக்குமே, அது. அவன் தரையில் நிற்கவில்லை. அம்மாவுக்குத்தான் தூக்கம் போச்சு. யாரோ புண்ணியவான் 'மார்னிங் மிடாஸ்' எரிகிற வீடியோவை அனுப்பிவிட்டார். 2025 ஜூன் 3 அன்று அலாஸ்கா பக்கம் தீப்பிடித்து, மூன்று வாரம் கழித்து மூழ்கியே போன கப்பல். 3,000 கார் சொச்சம், அதில் முழு மின்சாரக் கார் 70, ஹைபிரிட் 681 என்று படித்தேன். புகை முதலில் தெரிந்தது மின்சாரக் கார் இருந்த தளத்திலிருந்துதான் என்றும் போட்டிருந்தார்கள். மாலுமிகள் 22 பேரும் பிழைத்தது ஒன்றுதான் ஆறுதல்.

நான் கப்பலையே பக்கத்தில் பார்த்ததில்லை. அதனால் முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் கேட்டுவிடுகிறேன். உண்மையிலேயே மின்சாரக் கார்தான் காரணமா? சுற்றிலும் கடல் இருக்கும்போது ஏன் அணைக்க முடியவில்லை? அவனைப் போகாதே என்று சொல்லணுமா?

ஸ்டியரிங்சாமி:

போகட்டும் விடுங்க. எங்கே கார் எரிந்தாலும் உடனே பேட்டரி மேல் பழி போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. 2023 ஜூலையில் நெதர்லாந்து கடலோரம் 'ஃப்ரீமான்டில் ஹைவே' எரிந்ததே, முதல் நாளே 'மின்சாரக் காரில் தொடங்கிய தீ' என்று உலகமே தீர்ப்பு எழுதிவிட்டது. 3,783 வண்டியில் 498 மின்சாரம். கப்பலை ஈம்ஸ்ஹேவன் துறைமுகத்துக்கு இழுத்துவந்து பார்த்தால், கீழ்த் தளங்களில் கிட்டத்தட்ட 1,000 கார் தீ தொடாமல் நிற்கிறது, அதில் மின்சாரக் கார்களும் கணிசம். 2022இல் அசோர்ஸ் பக்கம் 4,000 கார்களோடு மூழ்கிய 'ஃபெலிசிட்டி ஏஸ்'? ஆதாரமே மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. யார் போய் எதை நிரூபிப்பது?

பழையசீஃப்மேட்:

வணக்கம்மா. 14 வருஷம் கார் கேரியரில் ஓடியவன். கேடட்டாக ஏறி, கேப்டனுக்கு அடுத்த சீஃப் மேட்டாக இறங்கினேன், இப்போது கரையில். சாமி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'எது முதலில் பற்றியது' என்பது இன்ஷூரன்ஸ்காரர்கள் அடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி. கப்பலில் இருக்கிறவனுக்கு வேறு கேள்வி.

முதலில் அந்த இடத்தைக் கண்முன் கொண்டுவாங்க. 200 மீட்டர் நீளம், உள்ளே 12 தளம். ஒவ்வொரு தளமும் குறுக்குச் சுவரே இல்லாத நீளக் கூடம் மாதிரி. பல தளங்களில் கூரை என் தலைக்கு மேலே ஒரு சாண்தான். கார்களைச் சைடு கண்ணாடி மடக்கி ஒட்டி ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே முழங்கால் நுழையும். பக்கவாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு நகரணும். எங்கள் வேலை உடையான பாய்லர் சூட்டில் ஜிப்புக்கு மேல் துணி மூடியிருக்கும், மோதிரம், பெல்ட் பக்கிள் எதுவும் கூடாது, புது பெயின்டில் கீறல் விழுந்துவிடும் என்று. ராத்திரி ஃபயர் ரவுண்டு போகும்போது கணுக்காலில், காரைத் தளத்தோடு கட்டுகிற லாஷிங் பெல்ட் தட்டித் தட்டி எனக்கு இரண்டு காலிலும் தழும்பே இருக்கிறது.

இப்போது அதே சந்தில், முதுகில் 15 கிலோ மூச்சுக்கருவி, கையில் தண்ணீர் ஏறி விறைத்த ஹோஸ், கண்ணுக்கு முன்னால் புகை. நகர்ந்து பார்க்கச் சொல்லுங்க. பெட்ரோலோ பேட்டரியோ, எரிகிற காரிடம் ஆள் போய்ச் சேருவதுதான் பெரிய பாடு. சேர்வதற்குள் பக்கத்தில் நாலு கார் பற்றியிருக்கும். டயர், சீட் ஃபோம், பிளாஸ்டிக், எல்லாம் எண்ணெய் மாதிரி எரியும். கூரை தாழ்வு என்பதால் சூடு மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடும். இரும்புத் தளம் வேறு, மேல் தளத்துக் காருக்கு அடியில் தோசைக்கல் வைத்தது போல.

தண்ணீர் கேட்டீங்களே. நல்ல கேள்வி, முட்டாள்தனம் ஒன்றுமில்லை. கார் கேரியர் உயரமான கப்பல், உள்ளே தடுப்புச் சுவர் இல்லை. மேல் தளத்தில் தண்ணீரைக் கொட்டினால் அது தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி ஒரு பக்கமாக ஓடும். ஓடினால் கப்பல் சாயும். சாய்ந்தால் இன்னும் ஓடும். 1942இல் நியூயார்க் துறைமுகத்தில் 'நார்மண்டி' என்ற பெரிய கப்பல் தீயில் போகவில்லை, தீயணைக்க ஊற்றிய தண்ணீரில்தான் கவிழ்ந்தது. அதனால் எங்கள் முக்கிய ஆயுதம் தண்ணீர் இல்லை, கார்பன் டை ஆக்சைடு. சில கப்பலில் நுரை. ஃபேனை நிறுத்தி, காற்று வழி மூடிகளான டேம்பர் எல்லாம் மூடி, வாயுவைத் திறந்துவிடணும். அடைக்கக்கூடிய பெரிய பகுதியின் கொள்ளளவில் 45 சதவீதத்துக்கு வாயு இருக்கணும், அதில் மூன்றில் இரண்டு பங்கு 10 நிமிடத்துக்குள் உள்ளே போகணும் என்பது சோலாஸ் என்கிற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. நம்பி இருக்கக்கூடியது அந்த ஒரே ஒரு அடிதான்.

இங்கேதான் மின்சாரக் கார் கணக்கை மாற்றுகிறது. வாயு அடித்தால் பெட்ரோல் காரின் தீ காற்றில்லாமல் திணறும். பேட்டரிக்குள் நடப்பது அப்படி நிற்காது, உள்ளே சூடு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காக வாயு வீண் என்று நினைக்காதீங்க, சுற்றியிருக்கிற மற்ற கார்கள் பற்றாமல் அதுதான் காக்கும். ஆனால் 'அணைந்துவிட்டதா பார்ப்போம்' என்று நாலு மணி நேரத்தில் கதவைத் திறந்தால் காற்று புகும், மறுபடி பற்றும். இரண்டாம் தடவை அடிக்க வாயு இருக்காது.

என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கடலில் நான்காம் நாள், ராத்திரி இரண்டரை மணி இருக்கும். 6ஆம் தளத்தில் பிளாஸ்டிக் தீய்கிற வாசனை. அலாரம் இல்லை, புகை இல்லை, வாசனை மட்டும். ஒவ்வொரு பானெட்டாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டே வந்தேன். ஒரு பழைய டீசல் பிக்கப்பின் பானெட் வெதுவெதுவென்று இருந்தது. திறந்தால் பேட்டரி டெர்மினலுக்குப் போட்ட மூடி கழன்று, கேபிள் பாடியில் உரசி உரசி உறை உருகித் தொங்குகிறது. கழற்றும்போது இரண்டு விரல் வெந்துபோச்சு. சாதாரண 12 வோல்ட் பேட்டரிம்மா அது. இரண்டு வரிசை தள்ளித்தான் மின்சாரக் கார்கள் நின்றன. நான் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் பத்திரிகையில் என்ன போட்டிருப்பார்கள் என்று சாமிக்குத் தெரியும்.

2020 ஜூன் 4 அன்று அமெரிக்காவில் ஜாக்சன்வில் துறைமுகத்தில் 'ஹோஹ் ஜியாமென்' எரிந்ததும் இதே கதைதான். பழைய கார் ஒன்றில் பேட்டரியைச் சரியாகத் துண்டிக்கவில்லை. சரக்கு ஏற்றி முடித்தபிறகும் புகை டிடெக்டரைத் திரும்ப இயக்காமல் விட்டிருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் 9 பேருக்குக் காயம். அந்த விசாரணை அறிக்கையை உங்கள் தம்பி கப்பல் ஏறும் முன்னால் கட்டாயம் படிக்கணும்.

செல்பேலன்ஸ்:

மேட் சார் சொன்ன 'உள்ளே சூடு ஓடும்' என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், என் பிழைப்பே பேட்டரி பேக் சோதனைதான். ஒரு செல்லுக்குள் ஷார்ட் ஆனால் சூடேறும். ஒரு கட்டத்துக்கு மேல் செல்லின் உள்பொருள்களே வினைபுரிந்து சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும், அடுத்த செல்லுக்கும் தொற்றும். நிக்கல் வகைக் கேதோடு (செல்லின் நேர்முனைப் பொருள்) ஆக்சிஜனைத் தானே விடும், அதனால் வெளிக்காற்றை அடைத்தாலும் அந்த வினை நிற்பதில்லை. குளிர்விப்பது ஒன்றுதான் வழி. பேக்கோ காருக்கு அடியில், மூடிய பெட்டிக்குள்.

தம்பி தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வெள்ளைப் புகையை. பார்க்க நீராவி மாதிரி இருக்கும். ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு எல்லாம் அதில் உண்டு. தீ தெரியாமல் புகை மட்டும் தளத்தில் தேங்கினால் வெடிக்கும் ஆபத்து. இரும்பு பாஸ்பேட் பேட்டரி சாது என்பார்கள். பற்றுவது கடினம், அது உண்மை. ஆனால் பற்றாமல் வாயு விட்டால் அதில் ஹைட்ரஜன் பங்கு அதிகம். எனக்கு அந்தச் சாதுவிடம்தான் கூடுதல் பயம். தீப்போர்வை போட்டு மூடினாலும் அடியில் இதே வாயு தேங்குகிறது, அதனால் அதைச் சர்வரோக நிவாரணியாக நம்பவேண்டாம்.

சார்ஜ் குறைவாக இருந்தால் வினை மெதுவாகும். அதனால்தான் ஏற்றும்போது 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். புதுக் காரைவிட அடிபட்ட கார், உப்புத் தண்ணீரில் மூழ்கிய கார், இவைதான் வில்லங்கம்.

பழையசீஃப்மேட்:

செல்பேலன்ஸ் தம்பி சொன்ன சார்ஜ் விஷயத்தில் ஒரு கூத்து. 50க்கு மேல் ஏற்றுவதில்லை என்று எழுத்தில் பேசி முடித்த சரக்கு. கார் ஏறுகிற சாய்பாலமான ராம்ப்பில் நின்று டேஷ்போர்டை எட்டிப் பார்த்தால் வரிசையாக நாலு வண்டி 90க்கு மேல். நிறுத்திவிட்டேன். ஏஜென்ட் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது, கப்பல் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று எனக்குப் பாடம் எடுக்கிறார். கேப்டன் என் பக்கம் நின்றார், பிழைத்தேன். எல்லாக் கேப்டனும் நிற்பார்கள் என்று சொல்லமாட்டேன். (ரொம்பக் குறைந்தாலும் தலைவலிதான். இறக்குகிற இடத்தில் ராம்ப் நடுவில் படுத்துக்கொள்ளும்.)

விதி மாறாமல் இல்லை. கப்பலில் ஆபத்தான சரக்கு ஏற்றுவதற்கான ஐ.எம்.டி.ஜி. கோடில் லித்தியம் அயான் வண்டிக்கென்றே யு.என். 3556 என்று தனி எண் கொடுத்தாச்சு, 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். எந்தத் தளத்தில் எது நிற்கிறது என்று காகிதத்திலாவது தெளிவாகத் தெரியும். மின்சாரக் காரே வேண்டாம் என்ற கம்பெனிகளும் உண்டு. நார்வேயின் ஹவிலா 2023இல் நிறுத்தியது, அமெரிக்காவின் மேட்சன் 2025இல்.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த வாயுவை அடிக்கும்போது ஆள் உள்ளே இருந்தால்?

பழையசீஃப்மேட்:

செத்துப்போவார்கள். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தம்பியின் வேலை முழுக்க இதில்தான் இருக்கிறது.

தலை எண்ணி முடிக்காமல் வாயுவைத் திறக்கமாட்டார்கள். 22 பேர் என்றால் 22 தலை மஸ்டரில், அதாவது ஆபத்தில் எல்லோரும் கூடும் இடத்தில், நிற்கணும். ஒரு பையன் ஹெட்போன் போட்டுக்கொண்டு தூங்கினால், அல்லது போனை எடுக்கக் கேபினுக்குத் திரும்பினால், அத்தனை பேரும் அவனுக்காகக் காத்திருப்பார்கள். கீழே தீ காத்திருக்காது. சீக்கிரம் மூடி, சீக்கிரம் அடித்த கப்பலுக்கு வாய்ப்பு உண்டு. தயங்கி, உள்ளே போய் ஹோஸ் அடித்துப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து அடித்த கப்பலுக்கு அநேகமாக இல்லை. ஃப்ரீமான்டில் ஹைவேயில் 7 பேர் கடலில் குதித்தார்கள். இறந்தது ஒருவர், இந்தியர். அந்த அளவுக்குப் போகாமல் இருக்கத்தான் மஸ்டருக்கு ஓடச் சொல்வது.

போகாதே என்று நான் சொல்லமாட்டேன். ஏறிய முதல் நாளே, யாரும் சொல்லாமலே, அவன் ஒரு காரியம் செய்யட்டும். தினம் வேலை பார்க்கிற தளத்தில் தப்பிக்கும் ஏணி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே அங்கே போய் மேலே ஏறணும். புகையில் டார்ச் வெளிச்சம் முழங்கைக்கு மேல் போகாது. நான் கேடட்டாக இருந்தபோது மாலுமிகளின் மேஸ்திரியான போசன் ஒருவர் என் கண்ணில் துண்டைக் கட்டிவிட்டார். மூன்று தடவை தப்பான பக்கம் போய் ஒரு சலூன் காரின் கண்ணாடியை முறித்தேன். அவர்தான் பழியை ஏற்றுக்கொண்டார்.

நிலாமுற்றம்:

தம்பி முழுத் திரியையும் படித்தான். இப்போது கண்ணில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான். கப்பலை மறந்துவிட்டு அம்மா 'விழுந்து தொலைக்கப் போறே' என்று கத்திக்கொண்டிருக்கிறார்.