புதுப்பிப்பு: தம்பியின் மின்தொகுப்பு (இணையத்தில் வைக்கும் வேலைத் தொகுப்பு, ஈ-போர்ட்ஃபோலியோ)
ஹட்டனில் வயரிங் வேலை பழகிய தம்பியின் சான்றிதழ், செய்த வேலைகளின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க மஹாராவா கூகுள் சைட்ஸா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் எடுத்தது கூகுள் சைட்ஸ்தான், நம் சொந்தக் கூகுள் கணக்கிலேயே இணையப் பக்கம் செய்யும் கருவி. மஹாரா இப்படித் தொகுப்பு வைப்பதற்கென்றே உருவான மென்பொருள், ஆசிரியருக்கு ஒரு பக்கம், வேலை தருபவருக்கு வேறு பக்கம் என்று பிரித்துக் காட்டலாம், ஆனால் பெரும்பாலும் ஒரு கல்வி நிறுவனம்தான் அதை நடத்தும், படிப்பு முடிந்தபின் கணக்கு இருக்குமா என்பது அவர்கள் கையில். (தரவிறக்கி எடுக்கலாம், சரி, எடுத்து எங்கே வைப்பது?)

ஒவ்வொரு படத்துக்குக் கீழும் என்ன வேலை, அதில் அவன் செய்தது எது, எங்கே சிக்கல் வந்தது என்று இரண்டு வரி எழுதச் சொன்னேன். முனகிக்கொண்டே எழுதினான், ஆனால் கொழும்பு நேர்முகத் தேர்வில் துருவிக் கேட்டது அந்த வரிகளைத்தான், சான்றிதழைப் புரட்டிப் பார்த்ததோடு சரி. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்கள் அனுபவத்தை வைத்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மதிப்பீட்டுக்குப் போகும்போதும் இப்படி ஒரு தொகுப்பு உதவும்.

அப்புறம், நம் ஊர் சீவியில் (CV) அடையாள அட்டை இலக்கம் போடுவது வழக்கம், திறந்த பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். இங்கே சிக்னல் இருக்கும் லட்சணத்துக்குப் படங்களைச் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும்.

அந்த வேலை கிடைத்ததா என்று பதில் இன்னும் வரவில்லை.