பிளாட்பெட் டிரெய்லர் ஓட்டப்போகும் புதியவருக்கு எந்த நிறுவனம் பொருந்தும்?

அன்பர்களுக்கு வணக்கம். அண்மையில் 5ஆம் வகுப்பு (கனரக வாகன) உரிமம் பெற்ற என் அக்காள் மகனை, பிளாட்பெட் டிரெய்லர் (பக்கச்சுவர் இல்லாத தட்டையான இழுவை வண்டி) ஓட்ட, சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் இரண்டு போக்குவரத்து நிறுவனங்கள் வேலைக்கு அழைத்திருக்கின்றன. அனுபவமுள்ள ஓட்டுநர்களின் கருத்தை நாடுகிறேன். முதல் நிறுவனத்தில் அடிப்படைச் சம்பளம் குறைவு, நடைக்கான ஊக்கத்தொகை அதிகம். ஆனால் கட்டுமானத் தளத்தில் பாரந்தூக்கிக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்றும் கிடையாதாம். இரண்டாவதில் சம்பளம் நிலையானது. தொடக்கத்தில் மூத்த ஓட்டுநருடன் அனுப்புவார்கள். கொள்கலன் என்றால் நான்கு மூலைப் பூட்டுகளோடு வேலை முடிந்துவிடும். இரும்புக் கம்பிக் கட்டுகளுக்கோ சங்கிலியை எங்கே போடுவது, எவ்வளவு இறுக்குவது, விளிம்பில் உரசிச் சரக்கைக் கட்டும் பட்டை அறுபடாமல் எதை அணைகொடுப்பது என்பதையெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று காட்டாமல் கற்பது கடினம் என்பதால், என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது (அவனுக்கோ ஊக்கத்தொகையின் மீதுதான் கண்).

சரக்குச் சேதமானால் சம்பளத்தில் பிடிப்பார்களா என்றும் கேட்டோம். வேலை நியமனச் சட்டப்படி, விளக்கமளிக்க வாய்ப்புத் தந்த பிறகே, அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாமல்தான் பிடிக்கலாம். முதல் நிறுவனம் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. கையெழுத்திடும் முன் வேறு எவற்றைக் கேட்க வேண்டும்? சங்கிலி, பட்டைகளை நிறுவனமே தருவதுதான் வழக்கமா?