தொழில்நுட்பத் துறையை விலக்கிய எஸ் அண்ட் பி 500 நிதி பினாங்குப் பொறியாளருக்குப் பொருந்துமா?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
சம்பளம், போனஸ், நிறுவனம் ஊழியர்களுக்குத் தரும் பங்குகள் ஆகிய மூன்றும் எனக்கு மின்னணுச் சில்லுத் தொழிலிலிருந்தே வருகின்றன. 2000 மார்ச்சில், அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீட்டின் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொழில்நுட்பத் துறையுடையது. அடுத்த இரண்டரை ஆண்டுகளில், தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 78 விழுக்காடு சரிந்தது. இடையில் 2001இல் மின்னணு ஏற்றுமதி சுருங்கி, பினாங்குத் தொழிற்சாலைகளில் ஆள்குறைப்பு நடந்தது, மலேசியாவின் பொருளாதார வளர்ச்சியும் 0.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. வேலையும் சேமிப்பும் சேர்ந்து அடிபடக் கூடாது என்பதால், அத்துறையை மட்டும் நீக்கி, புரோஷேர்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய எஸ்பிஎக்ஸ்டி நிதியை வாங்க எண்ணுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் கணக்காளர்:
ஐயா, கவலை நியாயமானது. தீர்வைத்தான் ஏற்க இயலவில்லை. அந்நிதியில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா இருக்கமாட்டா. ஆனால் ஆல்ஃபபெட்டும் மெட்டாவும் 2018 முதல் தகவல் தொடர்புச் சேவைத் துறையிலும், அமேசான் அத்தியாவசியமற்ற நுகர்பொருள் துறையிலும் வகைப்படுத்தப்பட்டுள்ளதால், அவை அப்படியே தங்குவது மட்டுமன்றி, விலக்கப்பட்டவற்றின் இடத்தையும் பங்கிட்டுக்கொண்டு பெருகுகின்றன. தரவு மையங்களுக்காகச் சில்லுகளை வாங்கிக் குவிப்பவை அவையே.

ஒரு துறையை ஒதுக்கியவர்கள் பட்ட பாட்டையும் பாருங்கள். 2020இல் எரிசக்திப் பங்குகள் மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்தன. அதைக் கண்டு விலகியவர்கள், 2022இல் மொத்தக் குறியீடு 18 விழுக்காடு இறங்கியபோது அத்துறை 60 விழுக்காட்டுக்கு மேல் ஏறியதை வேடிக்கை பார்த்தார்கள். உங்கள் இடர் நிறுவனப் பங்குகளில் இருக்கிறதென்றால், அவை கைக்கு வந்ததும் விற்றுவிடுங்கள். குறியீட்டை ஏன் குடைய வேண்டும்?

செந்தூல் வங்கி ஊழியர்:
பொறியாளரின் வாதப்படி நான் வங்கிகளைத் தவிர்க்க வேண்டும். ஆனால் 30 நிறுவனங்களைக் கொண்ட கோலாலம்பூர்க் குறியீட்டில் மேபேங்க், பப்ளிக் பேங்க், சிஐஎம்பி ஆகியவைதாம் பெரும் எடை. எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை வைத்திருக்கும் ஊழியர் சேமநிதி வாரியமோ ஆர்எச்பி வங்கியின் மிகப்பெரிய பங்குதாரர். இஸ்லாமிய விதிகளின்படி வழக்கமான வங்கிகளை நீக்கும் ஹிஜ்ரா ஷரியா குறியீட்டுக்கு மாறினால், சூதாட்டமும் மதுவும் சேர்ந்தே போய்விடும். ஒன்றை மட்டும் கழிப்பது இங்கு எளிதன்று.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
பங்குகளை விற்றுவிடலாம், சம்பளத்தை விற்க முடியுமா? அமேசான் சில்லு வாங்குவதை நாளை பாதியாகக் குறைத்தால், எங்கள் ஆலையில் இரவுப் பணிமுறை நிற்கும். அமேசானின் கையிலோ ரொக்கம் மிஞ்சும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே நாளில் நட்டம் வர வேண்டியதில்லை. எரிசக்தியிலிருந்து விலகியவர்கள் விலையைப் பார்த்து ஓடினார்கள். நான் என் வேலையைப் பார்த்து விலகுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் கணக்காளர்:
அமேசானைப் பற்றிச் சொன்னது வலுவான பதில், மறுக்கமாட்டேன். ஆயினும் வரி இருக்கிறது. அது அமெரிக்காவில் பதிவான நிதி என்பதால், மலேசியரின் ஈவுத்தொகையில் 30 விழுக்காடு அங்கேயே பிடிக்கப்படும்; அயர்லாந்தில் பதிவான வழக்கமான எஸ் அண்ட் பி 500 நிதியில் அப்பிடித்தம் 15 விழுக்காடுதான். மேலும், அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டிய நிலையில் நீங்கள் இறந்தால், உங்கள் குடும்பம் அந்நாட்டு மரணச் சொத்து வரியைக் கட்ட நேரிடும்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
அப்படியானால், நிறுவனப் பங்குகளையும் சேர்த்து அந்த 60,000 டாலருக்குள் எஸ்பிஎக்ஸ்டியை நிறுத்திக்கொண்டு, மீதியை அயர்லாந்து நிதியில் இடுவேன். எல்லாவற்றையும் முழுக் குறியீட்டுக்கு மாற்றும் எண்ணம், நான் பாயான் லெப்பாஸில் சம்பளம் வாங்கும்வரை இல்லை.