கமேலியா மொட்டு உதிர்கிறது, பூக் கண்காட்சிக்கு முதல் பூக்க வைக்கலாமா?

பரந்தன்_முற்றம்:
எங்கள் ஊர் மாதர் சங்கம் தைப்பொங்கல் முடிந்த கையோடு பூக் கண்காட்சி வைக்கிறது. சொந்த வளவில் பூத்த பூவாக இருக்க வேண்டும், கடையில் வாங்கிய சாடியைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது என்பதுதான் விதி. என்னிடம் ஒரு கமேலியா நிற்கிறது. நுவரெலியாவில் கலியாணம் கட்டிய சின்னம்மா 2 வருசத்துக்கு முதல் தந்தது. அவருடைய வாசலில் அது அடுக்கடுக்காக, ரோசாவை விட ஒழுங்காகப் பூத்து நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் கேட்டு வாங்கினேன். இங்கே கிணற்றடியில் வைத்து மாட்டெரு போட்டு, காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றுகிறேன். இலை மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை. போன மாரியில் நாலு மொட்டு வந்து, கச்சான் கொட்டை அளவில் இருக்கும்போதே ஒரு காலையில் எல்லாம் நிலத்தில் கிடந்தன. அழுகையே வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

வவுனியா_நாற்றுமேடை:
தங்கச்சி, உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரைத்தான் நாளுக்கு இரண்டு தரம் ஊற்றுகிறீர்கள். கமேலியா தேயிலையின் உடன்பிறப்பு, தேயிலையின் பெயரே கமேலியா சினென்சிஸ்தான். இரண்டுக்கும் புளிப்பு மண் வேண்டும். சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது, அதனால்தான் நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மஞ்சள் விழுகிறது. எருவைக் கூட்டினாலும் அது மாறாது. மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அதை மட்டும் ஊற்றுங்கள். அடியில் ஓட்டை உள்ள பெரிய சாடிக்கு மாற்றி, இலைமக்கு நிறையப் போட்டு, காலை வெயில் மட்டும் படுகிற மாதிரி மாமரத்துக்குக் கீழே வையுங்கள். செடி பச்சை பிடிக்கும்.

ஆனால் பூவுக்கு நான் வாக்குத் தரமாட்டேன். நுவரெலியா கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அந்தக் குளிரை வன்னியில் எங்கே தேடுவது? வேர் ஒருநாள் காய்ந்து மறுநாள் ஊறினாலும் மொட்டைக் கொட்டிவிடும். தைக்குள் பூக்குமென்று நம்பி இருக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்_அக்கா:
பிள்ளை, செவ்வரத்தையைக் கொண்டுபோங்கோ. எங்கட பக்கத்துக் கண்காட்சியில் மூன்று தரம் வைத்திருக்கிறேன். ஒருநாள் பூ என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலான செவ்வரத்தை தண்ணீர் இல்லாமலே அன்று முழுக்க நிற்கும். பின்னேரம் சுருங்குவதுதான் பிரச்சினை, அதற்கு ஒரு வழி இருக்கிறது. காலையில் முழுதாக விரிந்தவுடன் பறித்து, இதழ் ஒன்றோடொன்று முட்டாமல் மூடியுள்ள டப்பாவில் வைத்து பிரிட்ஜில் விடுங்கோ, ஐஸ் கட்டும் தட்டில் இல்லை, கீழ்த்தட்டில். போவதற்குச் சற்று முன் எடுத்தால் போதும். அங்கே ஒரு தட்டில் ஈர மணல் பரப்பி, ஈர்க்கைக் காம்பில் குத்தி மணலில் ஊன்றிவிட்டால் பூ நிமிர்ந்து பார்க்கிறவரின் முகத்துக்கு நேரே நிற்கும். நடுவர்கள் நடுத்தண்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது முறிந்திருந்தால் பூ எவ்வளவு பெரிதானாலும் சரிவராது. அதனால் டப்பாவை மோட்டார் சைக்கிளில் கட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கோ.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னமே மொட்டுக் காம்பில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கோ. இருந்தால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் கலந்து பின்னேரத்தில் அடியுங்கோ, வெயிலில் அடித்தால் இலை கருகும்.

பரந்தன்_முற்றம்:
இரண்டு பேருக்கும் நன்றி. கமேலியாவை இன்றே மாமரத்தடிக்கு மாற்றிவிட்டேன், பீப்பாயும் வைத்தாயிற்று. செவ்வரத்தை என்றதும்தான் வேலி நினைவுக்கு வந்தது. 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வளவில் வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, அம்மம்மா நட்ட அடுக்குச் செவ்வரத்தை மட்டும் அடிக்கட்டையிலிருந்து தளிர்விட்டு நின்றது. இத்தனை வருசமாகப் பிள்ளையாருக்குப் பறிக்கிறேன், போட்டிக்கு வைக்கலாம் என்று தோன்றியதே இல்லை. அக்கா, அடுக்குப் பூவுக்கு நடுத்தண்டு இதழுக்குள் மறைந்திருக்குமே, அதை எப்படிப் பார்ப்பார்கள்?

ஒட்டுசுட்டான்_அக்கா:
அடுக்குக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் சங்கத்தில் கேளுங்கோ. அதில் தண்டைப் பார்க்கமாட்டார்கள், இதழ் சுற்றிவர ஒரே அளவாக நிறைந்திருக்கிறதா, எறும்பு கடித்த ஓட்டை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதல்நாள் பின்னேரம் கட்டையைச் சுற்றிச் சாம்பல் தூவிவிடுங்கோ, எறும்பு ஏறாது. ஒன்றுக்கு மூன்று பூவாகப் பறியுங்கோ.