கண்ணில் மின்னல் வெட்டுகிறது என்றார் அப்பா, தூக்கம் கெட்டதால் என்றேன் நான்: உங்கள் ரெட்டினா (கண்ணின் உள்ளே பின்பக்கம் உள்ள விழித்திரை) அனுபவத்தையும் எழுதுங்கள்

தையல்கடை மகன்:
அப்பாவுக்கு 61. மூன்று நாளாக ஓரக்கண்ணில் மின்னல் வெட்டுகிறது, பூச்சி பறக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தீபாவளி நெருக்கம், இரவெல்லாம் மெஷினில் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான்தான் சொன்னேன். நான்காம் நாள் நூல் கோர்க்க வலது கண்ணை மூடியவர், "டேய், ஊசி தெரியுது, பிடிச்சிருக்கிற விரலைக் காணோம்டா" என்றார். இடது கண்ணில் கீழிருந்து கறுப்புத் திரை. மேல்பக்கம் விழித்திரை கிழிந்து உரிந்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் போவதற்குள் நடுப்பகுதியும் கழன்றுவிட்டது. ஒட்டிவிட்டார்கள், ஆனால் அந்தக் கண்ணில் எழுத்து தெரியவில்லை. வெறும் கிழிசலாக இருந்தபோதே வந்திருந்தால் லேசரோடு போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

கோவை அக்கா:
எனக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம். கண்ணாடிக் கடையில் கடைசி வரி வரை படித்துவிடுவேன், அதனால் ரெட்டினா பரிசோதனைக்குப் போனதே இல்லை. ஒரு காலை அரிசி களையும்போது தண்ணீரில் தலைமுடி கிடந்தது. எடுக்க எடுக்கக் கைக்கு வரவில்லை. நிமிர்ந்தால் சுவரிலும் அதே முடி! கண்ணுக்குள் ரத்தக் கசிவாம். துளி வலி இல்லை. இரண்டு கண்ணுக்கும் பல தவணை லேசர். இப்போது இருட்டில் தடுமாறுகிறேன். லேசருக்கு முன் யோசியுங்கள்.

பழனி மாமா:
அக்கா, கோபிக்க வேண்டாம், கடைசி வரியை ஏற்க முடியாது. இருட்டில் தடுமாற்றம் வரும், உண்மை. ஆனால் உங்களுக்கு வந்த நிலையில் லேசர் போடாமல் விட்டிருந்தால் பகலிலும் தெரியாமல் போகும் ஆபத்து அதிகம். என் மச்சான் யோசித்து யோசித்தே ஒரு கண்ணை இழந்தார். என் கதை அவ்வளவுதான்.

சர்க்கரை உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், வருஷம் ஒருமுறை டாக்டரிடம் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு ரெட்டினாவைப் பரிசோதித்துவிடுங்கள். சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். வயதானவர்கள் ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பி வளைந்து தெரிந்தால் உடனே போக வேண்டும். அப்புறம், உரிந்த விழித்திரை ஒட்டி நிற்பதற்காகக் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது கரையும்வரை விமானமும் கொடைக்கானலும் கூடவே கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணில் அழுத்தம் ஏறிவிடும். தம்பி, அப்பாவுக்கு என்ன வைத்தார்கள்? குப்புறப் படுக்கிறாரா?

குட்டிம்மா அம்மா:
என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள், 1,400 கிராம். டிஸ்சார்ஜ் சீட்டில் கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. தடுப்பூசி வரிசையில் நின்ற ஒரு பெண்தான், "குறைமாசக் குழந்தையா, 30 நாளுக்குள்ள கண்ணு காட்டினீங்களா?" என்று கேட்டாள். அன்று 27ஆம் நாள். இமையை விரிக்க ஒரு சின்னக் கம்பி வைத்தார்கள், பிள்ளை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. குறைமாசக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறாம். லேசர் ஆனது. இப்போது பள்ளியில் முதல் பெஞ்சு, கண்ணாடியோடு. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

தையல்கடை மகன்:
மாமா, வாயு இல்லை, சிலிக்கான் எண்ணெய். அடுத்த மாதம் எடுக்கிறார்கள். சொன்னபடி குப்புறப் படுத்தார். இப்போது வலது கண்ணை வைத்துக் காஜா எடுக்கிறார். ஊசியில் நூல் மட்டும் நான் கோர்த்துக் கொடுக்கிறேன்.