ஆதவ் பர்த்டே: க்விஸ் கார்டு பிரிண்டுக்குப் போகுது

குழு: டெட்ராய்ட் – மதுரை உறவுகள்

வித்யா: 4 மணிக்கு கார்டு பிரிண்டுக்குப் போகணும். கடைசி ரவுண்டு, பேஸ்பால் ட்ரிபிள். கார்த்தி எழுதினது. சேகர் மாமா ஒரு தடவை பாருங்க.
1. ஒரே சீசன்ல அதிகம்: வில்லி வில்சன், 36
2. மொத்தமா அதிகம்: கார்ல் க்ராஃபோர்ட், 309
3. 2024ல முதலிடம்: ஜாரன் டுரான்

சரோஜா அத்தை: கேக் முட்டை இல்லாததுதானே?

சேகர் மாமா: எண்ணிக்கை சரி, ஆளு தப்பு. 36 அடிச்சது சீஃப் வில்சன், 1912, பிட்ஸ்பர்க். வில்லி வில்சன் கேன்சஸ் சிட்டி, 1985ல 21. பெரிய லீக் ரெண்டுல ஒண்ணான அமெரிக்கன் லீக்ல 5 தடவை முதலிடம். 309 சாம் க்ராஃபோர்ட். 6 தடவை முதலிடம்: 1902ல சின்சினாட்டிக்கு இன்னொரு லீக்கான நேஷனல் லீக்ல, மீதி 5 நம்ம டெட்ராய்ட்டுக்கு. கார்ல் நூறு வருஷம் கழிச்சு வந்தவர், டாம்பா பே, 4 தடவை.

கார்த்தி: ரெண்டு வில்சன், ரெண்டு க்ராஃபோர்டா 🙄

முருகேசன் பெரியப்பா: நம்ம வீட்ல ரெண்டு முருகேசன் இல்லையா. பத்திரிகை அவன் பேருக்குத்தான் போச்சு. எனக்கு இன்னும் வரல.

வித்யா: பெரியப்பா, குழுவுலயே போட்டேனே 🙏

முருகேசன் பெரியப்பா: குழுவுல போடறது அழைப்பா?

சரோஜா அத்தை: ட்ரிபிள்னா என்னடா சேகரு

சேகர் மாமா: அடிச்ச அடியிலேயே மூணாவது பேஸ் வரைக்கும் ஓடிச் சேர்றது அத்தை. 90 அடி வீதம் மூணு, 270 அடி. பீல்டர் பந்தைத் தவறவிட்டு அதனால மூணாவதுக்குப் போனா கணக்குல வராது, டபுள் பிளஸ் எரர், அதாவது ரெண்டாவது பேஸ் வரைக்கும்தான் அவர் அடி, மிச்சம் பீல்டர் தப்பு. மூணாவதுல சறுக்கித் தாண்டிப் போய் அவுட் ஆனாலும் டபுள்தான். காலு வேகம் மட்டும் போதாது, மைதானம் பெருசா இருக்கணும். நம்ம டெட்ராய்ட் மைதானம் கொமெரிக்கா பார்க்ல நடு வேலி அப்போ 420 அடி, 2007ல நம்ம டீம் கிராண்டர்சன் 23 அடிச்சாரு. 2023ல வேலியை 412க்கு இழுத்துட்டாங்க. பழைய காலத்துல வேலி இன்னும் தூரம், பந்தும் தூரம் பறக்காத செத்த பந்து, வேலி தாண்டி ஹோம் ரன் ஆக வேண்டியதெல்லாம் உள்ளேயே விழுந்து உருளும். அதான் 36ஐ இனி யாரும் தொடமாட்டாங்க.

கலா மதினி: 👍 சாம்பார் சாதம் 40 பேருக்குப் போதுமா

ரவி சித்தப்பா: போன தடவையும் போதும்னுதான் சொன்னீங்க

கலா மதினி: போன தடவை சமைச்சது யாரு? உங்க வீட்ல.

கார்த்தி: 3 சரிதானே மாமா? டுரான் 14.

சேகர் மாமா: பாதி சரி. லீக் ரெண்டு. டுரான் அமெரிக்கன், 14. நேஷனல்ல கார்பின் கேரல், அவரும் 14. எந்த லீக்னு போடாம கேட்டா சண்டை வரும். ஒரே லீக்லயே சமமா வர்றதும் உண்டு, 1980ல கிரிஃபினும் வில்லி வில்சனும் ஆளுக்கு 15. அப்போ ரெண்டு பேருக்கும் மார்க் குடுக்கணும்.

வித்யா: 3ஐ எடுத்துடவா?

கார்த்தி: வேணாம், அமெரிக்கன் லீக்னு சேத்துடு

சேகர் மாமா: அதுக்கு பதிலா ஸ்டான் மியூசியல் போடலாம். செயின்ட் லூயிஸ். 5 தடவை நேஷனல்ல முதலிடம், மொத்தம் 177.

ரவி சித்தப்பா: பத்து வயசுப் பசங்களுக்கு யாருடா மியூசியல்

சரோஜா அத்தை: கேக் கேட்டேனே

வித்யா: 1, 2 மாத்திட்டேன். 3 கார்த்தி சொன்ன மாதிரி வெச்சிருக்கேன், மாமா சரின்னா அனுப்பிடறேன். கேக் கடைக்குக் கேட்டுச் சொல்றேன் அத்தை.

சேகர் மாமா: விடைப் பக்கத்துல சாம்னு முழுப் பேரு போடு, வெறும் க்ராஃபோர்டுனு போடாத.

முருகேசன் பெரியப்பா: எத்தனை மணிக்குன்னாவது சொல்லுங்க