மின்ரயிலுக்கு முன்னோடி யார்? சீமென்ஸா, காண்டோவா?

செங்காங்_அப்பா:
வணக்கம். உயர்நிலை 2 படிக்கும் மகளுக்குப் பள்ளியில் செயல்திட்டம், தலைப்பு மின்ரயில். ஒரு புத்தகத்தில் சீமென்ஸ் என்று இருக்கிறது, இன்னொன்றில் ஹங்கேரிக்காரர் கால்மான் காண்டோ என்று இருக்கிறது. யாரைப் பற்றி எழுதச் சொல்வது? அப்புறம், மலேசியாவின் ஜோகூர் பாருவில் உள்ள ஜேபி சென்ட்ரல் நிலையத்தில் தண்டவாளத்துக்கு மேலே கம்பி போகிறது, இங்கே சிங்கப்பூரில் கிளமெண்டி எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் நின்று பார்த்தால் மேலே ஒன்றுமே இல்லையே, ஏன் என்று கேட்கிறாள்.

மோட்டார்_முத்து:
இரண்டு பேரையும் எழுதலாங்க, ஆனால் காண்டோவுக்குக் கூடுதல் இடம் கொடுக்கச் சொல்லுங்கள். சீமென்ஸ் 1879இல் பெர்லின் கண்காட்சியில் ஓட்டியது சின்ன ரயில், நேர்மின்சாரம், அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம். குறைந்த வோல்ட்டில் நேர்மின்சாரத்தை வெகுதூரம் அனுப்பினால் வழியிலேயே நிறைய வீணாகிவிடும், அதனால் நகரத்து டிராமுக்குச் சரி, மலைப்பாதைக்கு ஆகாது. புடாபெஸ்டில் கான்ஸ் என்ற ஆலையில் இருந்த காண்டோ அந்தச் சிக்கலைத்தான் கையில் எடுத்தார். இத்தாலியின் வால்டெல்லினா பாதை, கோமோ ஏரிக் கரையோரமாகப் போவது, நூறு கிலோமீட்டருக்கு மேல். 1902இல் 3,000 வோல்ட் மும்முனை மாறுமின்சாரத்தில் (திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம், மூன்று இணைப்புகளில் வருவது) ஓடியது. மேலே இரண்டு கம்பி, மூன்றாவது முனை தண்டவாளம். ரயில் தடம் மாறும் இடத்தில் அந்த இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்துக் கட்ட வேண்டும், அதுதான் பெரிய தலைவலி.

கிளமெண்டி விஷயம்: கிழக்கு மேற்குப் பாதைக்கு மின்சாரம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் வருகிறது, 750 வோல்ட் நேர்மின்சாரம். நம் பாதைகள் குட்டை, துணை மின்நிலையங்களை நெருக்கமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் செங்காங் போகும் வடகிழக்குப் பாதையில் 1,500 வோல்ட், அது மேலிருந்து வருகிறது. ஜேபியில் நீங்கள் பார்த்தது 25,000 வோல்ட் மாறுமின்சாரம், தூரப் பயணத்துக்கு.

செங்காங்_அப்பா:
நன்றி அண்ணே. அந்த இரண்டு கம்பித் தலைவலி எப்படித் தீர்ந்தது?

ரயில்_ரசிகை:
அதையும் காண்டோவே தீர்த்தார், எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். மேலே ஒரே கம்பி, அதில் 16,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுற்று), அதாவது ஊருக்கெல்லாம் போகும் அதே சாதாரண மின்சாரம். ரயிலுக்கென்று தனி மின்நிலையம் கட்டத் தேவையில்லை. எஞ்சினுக்குள்ளேயே சுழலும் ஒரு இயந்திரம் அந்த ஒருமுனை மின்சாரத்தைப் பலமுனையாக மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கும். வேகம் மட்டும் படிப்படியாகத்தான், 25, 50, 75, 100 கிலோமீட்டர் என்று. இன்றைக்கு நம் புதிய எம்ஆர்டி ரயில்களிலும் மும்முனை மோட்டார்தான், மாற்றுகிற வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. ரயில் கிளம்பும்போது அடியில் 'ங்ங்ஙீஈ' என்று படிப்படியாக ஏறும் சத்தம் கேட்கிறதல்லவா, அது இந்தக் கருவியாலும் மோட்டாராலும் வருவது. மகளைக் கதவோரம் நின்று பதிவு செய்யச் சொல்லுங்கள், படைப்பில் போட்டுக் காட்டலாம்.

தாம்பரம்_டு_தெம்பனிஸ்:
சென்னைக்காரனாக ஒன்று சேர்க்கிறேன். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் தொடங்கியது 1931, அதே வருஷம் ஜனவரியில்தான் காண்டோ இறந்தார். எங்கள் பாதை அப்போது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1960களில் அதையே 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினார்கள், சாதாரண மின்சாரத்திலேயே ரயில் ஓட்டலாம் என்று அவர் பிடிவாதமாகச் சொன்ன அந்த வழிக்கே வந்தோம். ஹங்கேரியில் புடாபெஸ்டிலிருந்து ஹெகியெஷாலோம் ஊருக்குப் போகும் பாதையில் அவருடைய எஞ்சின்கள் ஓடத் தொடங்கியது 1932இல், அதைப் பார்க்க அவர் இல்லை. மகளிடம் இந்த வருஷங்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.